ஓடி ஓடி நிற்கும் பம்பு என்ஜினா? முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் பம்பு என்ஜின் பத்து, பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டு, சற்றுப் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடுகிறதா? பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். நின்றவுடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், அடுத்த இழுப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. நின்றபின் காற்று மெல்லக் கசிந்து நுழைவதால் திரும்ப ஓடுகிறது. இதைச் சூட்டுக் கோளாறு என்று நினைத்து பொறி விடும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் என்று மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வரப்பிலேயே கிடக்கும் என்ஜின்களில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து துளையில் கெட்டியாகிவிடும். மூடியை மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் உப்பி, துளையை மூடியிருந்தால் வாஷரை மாற்றவேண்டும். மூடியைத் தளர்த்தி வைத்தே ஓட்டக்கூடாது. பெட்ரோல் சிந்தி சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

மூடியைத் திறந்தும் பிடிக்கவில்லையென்றால் இந்த வைத்தியம் உதவாது. சூடு ஆறுவதற்குள், பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் வைத்து பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காயில் கெட்டிருக்கலாம்.