ஒரே ஒலியில் இரண்டு ‘ஸ்டேஷனரி’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுக்கு ஒன்றாகவே ஒலித்தாலும், ஆங்கிலத்தில் ‘ஸ்டேஷனரி’ என்பவை இரண்டு தனிச் சொற்கள். ‘ஏ, ஆர், ஒய்’ என்று முடிவது அசையாமல் நிற்பதைக் குறிக்கும் பெயரடை. ‘ஈ, ஆர், ஒய்’ என்று முடிவது தாள், உறை, பேனா முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுவதே பரவலான தவறு. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், கணினியின் பிழைதிருத்தியும் பல வேளைகளில் இதைக் கண்டுகொள்வதில்லை.

எழுத்து வேறுபடுவதால் இவை பிறப்பிலும் தொடர்பற்றவை என்று கருதுவது அடுத்த பிழை. நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்டாரே’ என்ற லத்தீன் வினையே இரண்டுக்கும் வேர். ரயில் நிற்கும் ஸ்டேஷனும் அதன் வழி வந்ததுதான். இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் சரக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றபோது, பல்கலைக்கழகங்களை ஒட்டி ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்து, நூல்களை விற்றும் படியெடுத்துத் தந்தும் வந்தவர்கள் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டனர். லண்டனில் 1403இல் இத்தொழிலினருக்கு ஒரு சங்கம் அமைந்தது. 1557இல் அரச சாசனம் பெற்ற அச்சங்கம், அச்சுத் தொழிலையே தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு 1623இல் வெளிவந்தபோது, அதற்கான உரிமைப் பதிவும் அச்சங்கத்தின் பதிவேட்டில்தான் இடம்பெற்றது. ஸ்டேஷனர் விற்ற பொருள்களே பிற்காலத்தில் ‘ஸ்டேஷனரி’ ஆயின.

இவ்வரலாறு தெரிந்தால் எழுத்துக்கூட்டலை நெட்டுருப் போட வேண்டியதில்லை. பேக்கரிடமிருந்து பேக்கரி வந்ததுபோல் ஸ்டேஷனரிடமிருந்து ஸ்டேஷனரி வந்தது. எனவே கடைக்காரரின் பெயரிலுள்ள ‘ஈ’ அவர் விற்கும் பொருளிலும் தங்குகிறது. உறையைக் குறிக்கும் ‘என்வலப்’ என்ற சொல்லின் முதலெழுத்தை வைத்து நினைவில் கொள்ளச் சொல்வோர் உண்டு. அது உதவும் என்றாலும் காரணத்தைச் சொல்வதில்லை. இயற்பியலில் நிலை அலையையும், கணிதத்தில் சார்பின் வகைக்கெழு சுழியாகும் நிலைப்புள்ளியையும் எழுதும்போது ‘ஏ’தான் வரும்; பாடக்குறிப்புகளில் கவனிக்க வேண்டிய இடம் இது.

எழுதுபொருள்கள் பல என்பதால் ‘ஸ்டேஷனரீஸ்’ என்று பன்மையாக்குவதையும் தவிர்க்க வேண்டும். ‘ஃபர்னிச்சர்’ போலவே இதுவும் எண்ணிச் சொல்லப்படாத பெயர். எண்ணிக்கை தேவைப்பட்டால் ‘ஐட்டம்ஸ் ஆஃப் ஸ்டேஷனரி’ என்று எழுதுவதே முறை.