ஹாட் ராடில் கூலன்ட் ஹோஸ் அமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகத்துக்காக மாற்றியமைக்கப்படும் பழைய காரான ஹாட் ராடின் உடலுக்குள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினைப் பொருத்துபவர்கள் பலர், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் ஹோஸ்களைக் கடைசி வேலையாக ஒதுக்கி வைத்து, மிஞ்சிய இடுக்குகளில் நுழைத்துவிடுகிறார்கள். இந்த இன்ஜினின் கணினியோ, கூலன்ட் வெப்பநிலை சென்சாரை நம்பித்தான் எரிபொருளின் அளவையும், பற்றவைக்கும் நேரத்தையும், பெரும்பாலும் மின்விசிறியையும் தீர்மானிக்கிறது. சென்சாரின் முனையைக் கூலன்டுக்குப் பதிலாகச் சிக்கிய காற்று சூழ்ந்திருந்தால், இன்ஜின் கொதிக்கும் வேளையிலும் கணினிக்குக் குறைந்த வெப்பநிலை தெரியக்கூடும். ஆகவே காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டே ஹோஸை வெட்ட வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை இன்ஜின்களில், சிலிண்டர் ஹெட்டுகளின் உச்சியில் சேரும் நீராவியையும் காற்றையும் வெளியேற்ற மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அற்பமாகத் தெரிவதால் அதை அடைத்துவிடுவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் கேடான தவறு. அக்குழாய் ரேடியேட்டரின் மேற்பகுதிக்கோ, கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் அழுத்தத் தொட்டியான சர்ஜ் டேங்கிற்கோ, நடுவில் மேடும் பள்ளமும் இல்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஹாட் ராடில் முன்பகுதி தாழ்ந்திருப்பதால் ரேடியேட்டர் மூடி பல நேரங்களில் இன்ஜினின் உச்சியைவிடக் கீழே அமைந்துவிடுகிறது. அந்த மூடி வழியே எவ்வளவு ஊற்றினாலும் மேலே காற்று தங்கிவிடும். அத்தகைய காரில் சர்ஜ் டேங்கை எல்லாவற்றையும்விட உயரத்தில் வைத்து, அழுத்த மூடியை அதன்மேலேயே பொருத்தி, அடியிலிருந்து ஒரு ஹோஸை வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இணைக்க வேண்டும். வழியும் கூலன்டைப் பிடிக்கும் அழுத்தமில்லாத டப்பா இதற்கு ஈடாகாது.

ஹீட்டர் வேண்டாம் என்று இன்ஜினில் அதற்கான இரு வாய்களையும் அடைப்பவர்கள், தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் திறக்கும் வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட் எந்த வழியே சுற்றும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இன்ஜினுக்குள் தனி பைபாஸ் (மாற்றுவழி) இல்லையென்றால், ஹீட்டர் வாய்களை ஒரு ஹோஸால் ஒன்றோடொன்று இணைப்பதே பாதுகாப்பு. ஹீட்டர் வால்வும் மூடும்போது ஓட்டத்தை நிறுத்தாமல் திருப்பிவிடும் வகையாக இருக்க வேண்டும். கணினியின் சென்சாரை ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்கு மாற்றுவதும் தவறு. கூலன்ட் வெளியேறும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினில், அது திறக்கும்வரை அங்கே ஓட்டமே இருக்காது.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், மென்மையான ஹோஸ் அதிக வேகத்தில் உள்ளே ஒடுங்கிவிடும். விறைப்பான வார்ப்பு ஹோஸோ, ஹோஸுக்குள் கம்பிச் சுருளோ அவசியம். ஹோஸை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலக்கி, வெப்ப உறையிட்டு, தாங்கியில் கட்ட வேண்டும். இன்ஜின் தன் மவுண்டுகளில் அசையும் என்பதை மறந்து முழு நீளத்துக்கும் உலோகக் குழாய் போட்டால் ரேடியேட்டரின் கழுத்து விரிசல் விடும். இரு முனைகளிலும் ரப்பர் இருக்கட்டும், உலோகக் குழாயின் நுனியில் ஹோஸ் நழுவாதபடி விளிம்புப் புடைப்பும் இருக்கட்டும்.

கூலன்டை நிரப்பும்போது காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, இன்ஜின் ஒருமுறை சூடாகி முழுவதும் ஆறிய பின்னரே மூடியைத் திறந்து அளவைச் சரிபார்க்க வேண்டும்.