நகரம் சுற்றக் கிளம்பும் முன்: மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்கும் ஒரு செய்முறை

ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் சின்னதாக ஒரு வீல்சேர் படம் போட்டிருக்கிறது. அந்தப் படத்துக்கு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம். வாசலில் சாய்தளம் உண்டு, ஆனால் காட்சிக்கூடங்கள் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. அல்லது லிஃப்ட் உண்டு, அதற்குப் போகும் வழியில் இரண்டு படி. அல்லது எல்லாம் சரியாக இருக்கிறது, கழிப்பறைக் கதவுதான் வீல்சேரைவிடக் குறுகல். படத்தை மட்டும் நம்பிக் கிளம்பினால், இதில் எது நமக்கு வாய்த்திருக்கிறது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியும்.

அதனால்தான் இந்தச் செய்முறையில் ஒரே ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். “வசதி இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்றுதான் பதில் வரும். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

முதல் வேலை: எங்கே போவது என்பதைப் போகிறவரே சொல்லட்டும்

வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. உடன் வருபவர்கள் கூடிப் பேசி, “அங்கேதான் சுலபம்” என்று ஏதோ ஒரு பூங்காவையோ வணிக வளாகத்தையோ முடிவு செய்துவிடுவார்கள். சுலபமான இடமும் பிடித்த இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உண்மையில் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது: 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு அருங்காட்சியகம், நாடகம், சினிமா, நூலகம், நினைவுச் சின்னம், விளையாட்டு, சுற்றுலா எல்லாவற்றையும் உரிமை என்றே எழுதியிருக்கிறது. முதலில் ஆசையைக் கேளுங்கள். அதற்கு வழி இருக்கிறதா என்பதை அடுத்துப் பார்க்கலாம். வழி இல்லை என்று தெரிந்தால், வேறு இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவர் வேலைதான்.

மலை உச்சியில் இருக்கிறது, பழைய கட்டடம், அதனால் முடியாது என்று தேடாமலே கைவிட வேண்டாம். கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், பழங்காலக் கோயில்கள் உள்ள அக்ரோபோலிஸ் செங்குத்தான பாறை மேல் நிற்கிறது. அங்கேயே 2020-இல் புதிய லிஃப்ட் ஒன்றைத் திறந்தார்கள்.

இரண்டாவது: உங்கள் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு டேப் எடுத்து வீல்சேரை அளந்துவிடுங்கள். சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அகலம், கால்பலகையோடு சேர்த்து நீளம், பேட்டரி வீல்சேராக இருந்தால் எடை. கையால் தள்ளும் வீல்சேர்கள் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும். சக்கரத்தைத் தானே உருட்டுகிறவருக்கு இரு பக்கமும் கை முட்டிக்கும் இடம் வேண்டும். ஆகவே கதவு திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி 80 செ.மீ.க்குக் குறைந்தால் சிரமம், 90 இருந்தால் நிம்மதி. ஒரே இடத்தில் வட்டமாகத் திரும்ப 150 செ.மீ. விட்டம் தேவை.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1 செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். அப்படியானால் 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்குக்கூட 180 செ.மீ. நீளச் சாய்தளம் தேவை. பல இடங்களில் வாசலில் சாய்த்துப் போட்டிருக்கும் குட்டிப் பலகையைப் பார்த்தாலே தெரியும், அதில் தானாக ஏறவும் முடியாது, இறங்கும்போது பின்னால் பிடிக்க ஆள் இல்லாமல் இறங்கவும் கூடாது.

வீல்சேர் இல்லாதவர்களுக்கும் இந்தக் குறிப்பு தேவை. ஊன்றுகோலோடு நடப்பவர் எவ்வளவு தூரம் நடந்தால் உட்கார வேண்டியிருக்கும்? கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தால் படி ஏறலாம்? ஆட்டிசம் உள்ளவருக்குக் கூட்டமா, சத்தமா, பளிச்சென்ற வெளிச்சமா, எது தாங்காது? சீக்கிரம் களைத்துப்போகும் உடல்நிலை உள்ளவருக்கு எத்தனை மணி நேரம் சரிப்படும்? இதையெல்லாம் போனில் ஒரு குறிப்பாகப் போட்டு வையுங்கள். ஒருமுறை எழுதினால் போதும், ஒவ்வொரு பயணத்துக்கும் அதுவே உதவும்.

மூன்றாவது: வீட்டிலிருந்தே இடத்தைப் பாருங்கள்

கூகுள் மேப்ஸில் இடத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தால், வாசல், கழிப்பறை, இருக்கை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை வீல்சேரில் அணுக முடியுமா என்று பல இடங்களுக்குத் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். ‘வீல்மேப்’ என்று இன்னொன்று. பெர்லினில் 2010-இல் தொடங்கிய இந்த வரைபடத்தில் உலகம் முழுவதும் யார் வேண்டுமானாலும் இடங்களைக் குறிக்கலாம். பச்சை என்றால் தடையில்லை, ஆரஞ்சு என்றால் ஓரளவு, சிவப்பு என்றால் முடியாது.

இரண்டையும்விட நான் அதிகம் நம்புவது பார்வையாளர்கள் போட்ட புகைப்படங்களைத்தான். யாரோ குழந்தையை வாசலில் நிற்க வைத்து எடுத்த படத்தில் பின்னால் மூன்று படி தெரியும். தரை சரளைக் கல்லா, மணலா, வழுவழுப்பான கல்லா என்பதும் தெரிந்துவிடும். சரளையில் வீல்சேரின் முன்சக்கரம் புதைந்துகொள்ளும். கூகுள் மேப்ஸில் தெருவைப் படமாகக் காட்டும் ‘ஸ்ட்ரீட் வியூ’ அந்த இடத்துக்கு இருந்தால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை நடைபாதையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடைசி நூறு மீட்டரில் சிக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும், நடைபாதை மட்டும் ஒரு முழ உயரத்தில் முடிந்து போயிருக்கும்.

நான்காவது: போன் செய்யுங்கள்

இதைத் தவிர்க்கவே வேண்டாம். இணையதளம் என்றோ எழுதியது. லிஃப்ட் பழுதாகிக் கிடப்பது நேற்று முதல் இருக்கலாம். போனை எடுக்கிறவர் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் “வாங்க, பார்த்துக்கலாம்” என்பார். அந்தப் “பார்த்துக்கலாம்” பல நேரம் நாலு பேர் சேர்ந்து வீல்சேரைத் தூக்குவது என்றுதான் முடியும். பேட்டரி வீல்சேர்களில் பல 100 கிலோவைத் தாண்டும், ஆளும் உட்கார்ந்தால் 150-க்கு மேல் போகும். அதைத் தூக்குவது தூக்குகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. தூக்கிச் செல்லப்படுவது பலருக்குப் பெரும் சங்கடமும்கூட. ஆகவே பதிலைப் பிடித்து நிறுத்தி, இப்படிக் கேளுங்கள்:

“வாசலில் ஒரு படியாவது இருக்கிறதா? எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம்?”

“படி இல்லாத வாசல் வேறு பக்கம் இருந்தால், அது திறந்தே இருக்குமா, பூட்டியிருக்குமா? சாவி யாரிடம்?”

“லிஃப்ட் இன்று ஓடுகிறதா? கதவு திறந்தால் எவ்வளவு அகலம்? எல்லா மாடிக்கும் போகுமா?”

“உங்களிடம் இருக்கும் வீல்சேரைக் கொடுப்பீர்களா? முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?”

“உடன் வருபவருக்குத் தனி டிக்கெட் வேண்டுமா?” பல அருங்காட்சியகங்கள் துணையாளை இலவசமாக அனுமதிக்கின்றன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வருபவருக்கும் கட்டணம் கிடையாது. கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள்.

அளவு தெரியாது என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். வாசலையும் கழிப்பறையையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் ஒரு ஆள் நின்றால் அளவு புரிந்துவிடும். பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், வாசல் காவலரிடம் சொல்ல உதவும்.

பார்வையற்றவரோடு போவதென்றால் கேள்விகள் மாறும். காட்சிப் பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் நேரம் ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா, விவரித்துச் சொல்லும் ஒலிக் கருவி உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவே கட்டிய அருங்காட்சியகங்களும் உலகில் உண்டு. இத்தாலியின் அங்கோனா நகரில் 1993 முதல் இயங்கும் ‘ஒமெரோ’ அப்படிப்பட்டது. புகழ்பெற்ற சிற்பங்களின் நகல்களை அங்கே விரலால் ‘பார்க்கலாம்’. காது கேளாதவருக்கு, சைகை மொழியில் விளக்கும் வழிகாட்டி எந்த நாளில் வருகிறார் என்பது முக்கியம். பல இடங்களில் மாதத்தில் சில நாள் மட்டும்தான் இருக்கும். காது மெஷின் வைத்திருப்பவர், ஒலியை நேராக அந்த மெஷினுக்கே அனுப்பும் ‘லூப்’ அரங்கில் இருக்கிறதா என்று கேட்கலாம். ஆட்டிசம் உள்ளவருக்கு, சத்தமும் வெளிச்சமும் குறைத்து வைக்கும் அமைதி நேரம் உண்டா, நடுவில் வெளியே போய்விட்டுத் திரும்ப வர விடுவார்களா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: கழிப்பறையிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்

வெளியே போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் போகும் மாற்றுத்திறனாளிகளை எனக்குத் தெரியும். காரணம் இது ஒன்றுதான். எந்த இடத்தையும் எவ்வளவு நேரம் அனுபவிக்கலாம் என்பதைக் கழிப்பறைதான் தீர்மானிக்கிறது. இது பேச வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்ளே திறந்தால் வீல்சேர் போன பிறகு கதவைச் சாத்த முடியாது. கோப்பையின் பக்கவாட்டில் வீல்சேரை நிறுத்தி மாறி உட்கார இடம் இருக்கிறதா? கைப்பிடி சுவரில் உறுதியாக இருக்கிறதா? அப்புறம், கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: அது பூட்டிக் கிடக்கிறதா, துடைப்பமும் வாளியும் அடுக்கிய அறையாகிவிட்டதா? இது நடக்காத ஊர் இல்லை.

நகர முடியாத பெரியவர்களுக்கு இது மட்டும் போதாது. படுக்க வைத்து உடை மாற்ற மேசையும், தூக்கி உதவும் கருவியும் தேவை. பிரிட்டனில் 2006-இல் இதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கி, இப்படிப்பட்ட அறைகளை நாடெங்கும் கொண்டு வந்தது. அந்த அறை ஏறக்குறைய 12 சதுர மீட்டர். இல்லாத ஊரில், மருத்துவமனை, விமான நிலையம், புதிய வணிக வளாகம் ஆகியவற்றில் நல்ல கழிப்பறை கிடைக்க வாய்ப்பு அதிகம். பார்க்கப் போகும் இடத்தில் இல்லையென்றால், பக்கத்தில் எது என்று தேடிப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி நேரத்தைப் போடுங்கள்.

ஆறாவது: ஒரு நாளுக்கு ஒரே இடம்

நாலு இடம் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஒன்று போதும், பக்கத்தில் இன்னொன்று இருந்தால் தெம்பு மிச்சமிருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வார நாளில் திறந்தவுடன் போனால் கூட்டம் இருக்காது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும். போகும் வண்டியைப் போலவே திரும்பும் வண்டியையும் முன்பே உறுதி செய்யுங்கள். மாலையில் களைத்த பிறகு, வீல்சேர் ஏறும் வண்டிக்காகத் தெருவில் காத்திருப்பது அன்றைய மகிழ்ச்சி முழுவதையும் கெடுத்துவிடும்.

கொஞ்சம் நடக்க முடிகிறவர் அன்றைக்கு மட்டும் வீல்சேர் எடுத்துக்கொண்டால் தவறே இல்லை. பார்க்கத் தெம்பு மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தானே போகிறோம்.

ஏழாவது: பையில் என்ன

மருந்து, மருத்துவச் சான்று அல்லது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பேட்டரி வீல்சேருக்குச் சார்ஜர், காற்றடைத்த டயராக இருந்தால் சின்னப் பம்பு, ஒரு மாற்று உடை, தண்ணீர். சத்தம் தாங்காதவருக்குக் காதை மூடும் ஹெட்போன். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் சிலர் சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப் பட்டை அணிவார்கள். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-இல் தொடங்கியது இது, இன்று பல நாடுகளின் விமான நிலையங்களில் அதைப் பார்த்தாலே ஊழியர்கள் பொறுமையாக உதவுகிறார்கள்.

எட்டாவது: அங்கே போன பிறகு

டிக்கெட் கொடுப்பவர் வீல்சேரில் இருப்பவரை விட்டுவிட்டு உங்களைப் பார்த்து, “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். “அவரிடமே கேளுங்க” என்று அமைதியாகத் திருப்பி விடுங்கள். உடன் வருபவர் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

வீல்சேரைக் கேட்காமல் தள்ள வேண்டாம். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள், படி வந்தால் “மேலே” அல்லது “கீழே” என்று சொல்லுங்கள். நடைபாதையில் மஞ்சளாக மேடு பதித்த ஓடுகள் இருந்தால் அவர் அதன் மேல் நடக்க வழி விடுங்கள். கோடு போட்டவை நேராகப் போகச் சொல்கின்றன, புள்ளி வைத்தவை நிற்கச் சொல்கின்றன. 1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்த ஓடுகள் இவை. அவற்றின் மேல் வண்டி நிறுத்தியிருந்தால் காவலரிடம் சொல்லுங்கள்.

சொன்னபடி வசதி இல்லையென்றால் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, போனில் பேசியவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சரியாகவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை.

ஒன்பதாவது: திரும்பி வந்ததும் எழுதிவிடுங்கள்

அன்றிரவே, மறப்பதற்குள். “நல்ல இடம், வீல்சேர் போகும்” என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. “வடக்கு வாசலில் படி இல்லை, கதவு 85 செ.மீ. பிரதான வாசலில் 3 படி. கழிப்பறை தரைத்தளத்தில், சாவி வரவேற்பறையில் கேட்க வேண்டும். இரண்டாம் கூடத்தில் உட்கார நாற்காலி இல்லை” என்று எழுதி, வாசல் படம் ஒன்றும் கழிப்பறைப் படம் ஒன்றும், போன தேதியும் சேர்த்துப் போடுங்கள். அதையே அந்த இடத்தின் நிர்வாகத்துக்கும் ஒரு மின்னஞ்சலாக அனுப்புங்கள், எது நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்து.