ஃபிஜி கிராமத்தில் செவுசெவு: வேர்க்கட்டை எப்படி வைப்பது, கிண்ணத்தை எப்படி வாங்குவது

ஃபிஜியில் 300க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. ஆள் குடியிருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான். நிலத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பூர்வகுடிக் குலங்களின் பொதுச்சொத்து. கரையோரப் பவளத்திட்டில் மீன்பிடிக்கவும் அந்தந்த ஊருக்கு வழிவழியாக உரிமை உண்டு. ஊருக்குள் நடந்தாலும் சரி, ஊருக்கு எதிரே படகை நிறுத்தி நீந்தினாலும் சரி, அடுத்தவர் முற்றத்தில் கால்வைத்த கணக்குதான். அதற்கு அனுமதி கேட்கும் சடங்கே செவுசெவு.

வெறுங்கையோடு போகக்கூடாது. கொண்டுபோக வேண்டியது யங்கோனா வேர். மற்ற பசிபிக் தீவு நாடுகளில் காவா என்பார்கள். மிளகு, வெற்றிலை இரண்டுக்கும் நெருங்கிய உறவுச் செடி. அரை கிலோ கட்டு ஒன்று போதும். பொடி வேண்டாம்; முழு வேராக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, சடங்கில் வைக்கவும் அது எடுப்பாக இராது. பக்கவேருக்கு வாக்கா என்று பெயர், அடித்தண்டுக்கு லேவேனா. வாக்கா வீரியமானது, விலையும் கூடுதல். நாந்தி, லவுத்தோக்கா, சுவா நகரச் சந்தைகளில் ‘செவுசெவுவுக்கு’ என்று கேட்டால் காகிதத்தில் சுற்றி நாடா கட்டியே தருவார்கள். யசாவா போன்ற வெளித்தீவுகளுக்குப் போவதானால் படகேறுமுன் வாங்கிவிடுங்கள். எத்தனை ஊரோ அத்தனை கட்டு.

பெயர்ப்பலகையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி படித்தால் தவறும். ஃபிஜி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘பி’ என்ற எழுத்து ம்ப, ‘டி’ ந்த, ‘ஜி’ ங, ‘க்யூ’ ங்க என ஒலிக்கும். ‘சி’ என்ற எழுத்து ‘அது’ என்பதில் வரும் மெல்லிய த. ‘நாடி’ என்று எழுதியிருக்கும் ஊர் நாந்தி ஆவது இப்படித்தான். அம்பு, பந்து, சங்கு என்று பழகிய நாவுக்கு இதில் சிரமமே இல்லை, ஆங்கிலேயர்தான் திணறுவார்கள்.

ஆணானாலும் பெண்ணானாலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இடுப்பில் சூலு என்ற துணியைச் சுற்றிக்கொண்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஊர் எல்லையிலேயே தொப்பியையும் கறுப்புக்கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள்: தலை புனிதமானது, தொப்பி தலைவருக்கு மட்டும் உரியது. பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடியுங்கள். குழந்தையின் தலையைத் தடவிக் கொஞ்சாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் ஓய்வுக்கும் உரிய நாள், அன்று போகாதீர்கள்.

எதிர்ப்படுபவரிடம் ‘ம்புலா’ என்று வணக்கம் சொல்லி, துராங்கா நி கோரோ எங்கே என்று கேளுங்கள். ஊர் நிர்வாகி அவர், குலத்தலைவர் வேறு. அவர் அழைத்துப்போகும் வீட்டின் வாசலில் செருப்பை விட்டு, குனிந்து நுழைந்து, பாயில் சம்மணமிட்டு உட்காருங்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க நிமிர்ந்து நடப்பது மரியாதைக் குறைவு. நகர வேண்டியிருந்தால் உடலைத் தாழ்த்தி ‘துலோ’ (மன்னிக்கவும்) என்று சொல்லியபடி போங்கள். வேர்க்கட்டைத் தலைவர் கையில் கொடுக்காதீர்கள். அவருக்கு முன்னால் பாயில் வையுங்கள். உங்கள் சார்பில் கூட வந்தவர் பேசுவார், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். பேச்சு முடிந்து கைதட்டல் கேட்கும்வரை படம் எடுப்பது கூடாது.

பிறகு பானம். இடித்த வேரைத் துணியில் இட்டு, தனோவா என்ற கால் வைத்த மரப்பாத்திரத்தில், பச்சைத் தண்ணீரில் பிசைவார்கள். கொதிநீர் ஊற்றினால் மாவுச்சத்து வெந்து கொழகொழத்துவிடும். பாத்திரத்திலிருந்து ஒரு கயிறு தலைவர் பக்கம் நீண்டிருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் கிண்ணம் தலைவருக்கு. ம்பிலோ என்ற தேங்காய்ச் சிரட்டை உங்களிடம் வரும்போது, உள்ளங்கைகளைக் குழித்து ஒருமுறை தட்டி, ‘ம்புலா’ என்று சொல்லி வாங்கி, ஒரே மூச்சில் குடியுங்கள். உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சிரட்டையைத் திருப்பிக் கொடுத்து மூன்று முறை தட்டுங்கள். சுற்றியிருப்பவர்கள் ‘மதா’ என்பார்கள். காலி என்று பொருள்.

மண்வாசனையும் கசப்பும் கலந்த சுவை. சில நிமிடத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், அது வேரின் இயல்பு. புளிக்கவைத்த பானம் அல்ல, ஆனால் மதுவோடு சேர்க்கக்கூடாது, குடித்துவிட்டு வண்டி ஓட்டவும் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குடிக்கக்கூடாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். மற்றவர்கள் ‘லோ டைட்’ என்று கேட்டால் அரைச் சிரட்டைதான் ஊற்றுவார்கள்; முழுதுக்கு ‘ஹை டைட்’. முதல் சுற்றை ஏற்ற பிறகு மறுப்பதில் தவறில்லை.

நகரங்களில் இந்திய வம்சாவளியினரும், 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உட்பட, இதே பானத்தைத் தினமும் சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள். அங்கே அரட்டைதான் முக்கியம். அந்தப் பழக்கத்தோடு கிராமச் சடங்குக்குப் போனால் முறை தப்பும்.

வீட்டிலுள்ள பொருள் எதையும் அளவுமீறிப் புகழாதீர்கள். எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், மறுக்கவும் முடியாது. ஊரில் இரவு தங்குவதானால் ஆரம்பத்திலேயே இரண்டு கட்டு வாங்குங்கள். இரண்டாவது, விடைபெறும்போது வைக்க.