இதழியல் முதுகலை: மதிப்பெண்ணைத் துரத்துவதில் கைநழுவுபவை

மருத்துவப் பட்டம் இல்லாமல் மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது. செய்தி எழுதுவதற்குப் பெரும்பாலான நாடுகளில் அப்படி எந்தத் தடையும் கிடையாது. பிரேசிலில் இதழியல் பட்டம் கட்டாயம் என்றொரு விதி இருந்தது; 2009இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதையும் நீக்கிவிட்டது. ஆகவே முதுகலை முடித்து வேலை கேட்டுப் போகிறவரிடம் பத்திரிகை ஆசிரியர் முதலில் கேட்பது, "இதுவரை என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்றுதான். மதிப்பெண் பட்டியலை அவர் ஒருமுறை புரட்டினாலே அதிகம். இது தெரிந்தும், வகுப்பில் சேர்ந்த நாள் முதல் பள்ளிக்கூடப் பழக்கத்திலேயே மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சேருவதற்கு முன்பே நடக்கிற தவறு, படிப்பின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பது. இதழியல், தொடர்பியல், ஊடக ஆய்வு என்று பல பெயர்களில் முதுகலை இருக்கிறது. சிலவற்றில் பாதிக்கு மேல் கோட்பாடு. ஆராய்ச்சிக்கோ ஆசிரியப் பணிக்கோ போக நினைப்பவர்களுக்கு அது சரி. நிருபராக நினைப்பவர் அங்கே போய் மாட்டிக்கொண்டால் இரண்டாம் பருவத்திலேயே சலிப்பு வந்துவிடும். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோதே மாணவர்கள் வேலை செய்ய ஒரு நாளிதழையும் சேர்த்தே தொடங்கியது. இன்றும் நல்ல அளவுகோல் அதுதான்: மாணவர் எழுதுவது வெளியே யாராவது படிக்கும்படி எங்காவது வருகிறதா? பாடத்திட்டத்தில் களச் செய்தி, எடிட்டிங், ஊடகச் சட்டம் மூன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால், இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தை விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விளம்பரக் கையேட்டில் அந்தத் தொகை இருக்காது.

சரி, சேர்ந்தாயிற்று. முதல் அசைன்மென்டிலேயே வருவது, தலைப்பையும் செய்தியையும் குழப்பிக்கொள்ளும் சிக்கல். "பொதுப் போக்குவரத்தைப் பற்றி எழுதப்போகிறேன்" என்பார்கள். அது தலைப்பு. "மருத்துவமனை வழியாகப் போகும் கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள், இரவுப் பணி முடித்த செவிலியர்கள் எப்படி வீடு போகிறார்கள், நிறுத்தியது யார், ஏன்?" என்றால் அது செய்தி. யாருக்கு என்ன மாறியது, ஏன் இப்போது என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் வராவிட்டால் இன்னும் களத்துக்குக் கிளம்பவில்லை என்றே அர்த்தம். பருவநிலை மாற்றம், பாலினச் சமத்துவம் போன்ற பெரிய சொற்களுக்கு ஆய்வுக் கட்டுரையில் மதிப்பெண் கிடைக்கலாம். செய்தி அறையில் அடுத்த கேள்வி உடனே வரும்: "அதில் என்ன?"

அடுத்தது, கைக்கெட்டிய ஆட்களையே ஆதாரமாக்குவது. விடுதித் தோழி, பேராசிரியர், தோழியின் அண்ணன் என மூன்று பேரிடம் வாட்ஸ்அப்பில் கருத்து வாங்கி, நடுவில் ஒரு புள்ளிவிவரத்தை ஒட்டினால் கட்டுரை ரெடி. வகுப்பில் இது தேறிவிடுவதுதான் வேதனை. முன்பின் தெரியாத ஒருவரின் கதவைத் தட்டுவதும், பேச மறுப்பவரிடம் திரும்பப் போவதும், கூச்சத்தை விழுங்கி அடுத்த கேள்வியைக் கேட்பதும் படிக்கும் காலத்திலேயே பழக வேண்டியவை. அப்புறம், மனிதர்கள் சொல்வதற்கு இணையாக ஆவணங்கள் இருக்கின்றன. தணிக்கை அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, டெண்டர் அறிவிப்பு, உள்ளாட்சி மன்றக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த மாணவரை எந்த ஆசிரியரும் விடமாட்டார். அரசிடம் தகவல் கேட்கும் உரிமையை 1766இலேயே ஸ்வீடன் சட்டமாக்கியது. இன்று நூற்றுக்கும் அதிகமான நாடுகளில் அப்படிப்பட்ட சட்டங்கள் உள்ளன. ஆனால் பதில் வர வாரங்கள் ஆகும், சில நேரம் மேல்முறையீடும் செய்ய வேண்டியிருக்கும். இறுதித் திட்டத்தை (ப்ராஜெக்ட்) ஒப்படைக்கும் மாதத்தில் மனு போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. முதல் பருவத்திலேயே போட்டு வையுங்கள்.

சரிபார்ப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2014 நவம்பரில் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ், ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கூட்டுப் பாலியல் வன்முறை பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. விவரங்கள் ஒத்துவரவில்லை. இதழே கேட்டுக்கொண்டதால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி விசாரித்து, 2015 ஏப்ரலில் அறிக்கை தந்தது; கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த அறிக்கையை ஒவ்வொரு இதழியல் மாணவரும் தேடிப் படிக்க வேண்டும் என்பேன். புகார் சொன்ன பெண்ணை அன்றிரவு சந்தித்த மூன்று நண்பர்களைத் தானாகத் தேடிப் பிடித்துக் கேட்காமல், அவர்கள் பேசியதாக அவர் சொன்னதையே நிருபர் எழுதியிருந்தார். இத்தனைக்கும் அனுபவமுள்ள நிருபர், பெரிய இதழ், உண்மை சரிபார்க்கத் தனி ஆள். மூன்று தொலைபேசி அழைப்புகள் போயிருந்தால் சிக்கல் அங்கேயே தெரிந்திருக்கும். மாணவர்களிடமும் இதே வழுக்கல் உண்டு. பாதிக்கப்பட்டவர்மேல் உள்ள கரிசனத்தால் சரிபார்க்கத் தயங்குவார்கள். சரிபார்க்காமல் வெளியிட்டால், பின்னால் அடியை வாங்குவது அவர்தான்.

1981இல் எட்டு வயது ஹெராயின் அடிமையைப் பற்றிய கட்டுரைக்கு, அமெரிக்காவின் உயரிய இதழியல் விருதான புலிட்சர் பரிசு பெற்ற நிருபர் ஜேனட் குக், அந்தச் சிறுவனே கற்பனை என்று தெரியவந்ததும் பரிசைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பொய் வெளியே வரத் தொடங்கியது அவருடைய கல்வித் தகுதியிலிருந்து. பெறாத முதுகலைப் பட்டத்தையும் அவர் சேர்த்துப் போட்டிருந்தார்! தன் விவரக்குறிப்பில் ஒரு மாத இன்டர்ன்ஷிப்பை ஆறு மாதமாக நீட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எண்களைக் கண்டு ஓடுவது இன்னொன்று. "கணக்கு வராது, அதனால்தான் இதழியலுக்கு வந்தேன்" என்பது வகுப்பறை நகைச்சுவை. செய்தி அறையில் அதற்குத் திருத்தம் வெளியிட வேண்டியிருக்கும். வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. விகிதத்தில் பார்த்தால் 50 சதவீத உயர்வு. "2 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் தவறு. முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் பிழை எல்லை (உண்மை நிலவரம் விலகியிருக்கக்கூடிய அளவு) கூட்டல் கழித்தல் 3 சதவீதப் புள்ளி அளவில் இருக்கும். அதில் ஒரு புள்ளி முன்னிலையைத் தலைப்பாக்க முடியாது. எக்செல்லில் வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் தெரிந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ட்ரோன், பாட்காஸ்ட் எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் இல்லாத வீடியோவை நல்ல கேமரா காப்பாற்றாது. ஒலிப்பதிவை எழுத்தாக்கும் செயலிகள் பெயர்களையும் எண்களையும் தப்பாகக் கேட்கும்; மேற்கோள் போடுவதற்கு முன் பதிவை மறுபடி கேட்டே ஆக வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பத்தியில் யாரும் சொல்லாத மேற்கோள் இருக்கலாம். அதை அப்படியே ஒப்படைத்தால் பொறுப்பு உங்கள் பைலைனுக்குத்தான், அதாவது கட்டுரையோடு வரும் உங்கள் பெயருக்குத்தான்.

ஊடகச் சட்ட வகுப்புக்கு மட்டம் போடுவது பரவலான பழக்கம். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, பதிப்புரிமை இந்த மூன்றும் ஃப்ரீலான்சாக எழுதப்போகிறவர்களுக்கு இன்னும் அவசியம். வழக்கு வந்தால் அவர்களுக்குப் பின்னால் நிறுவனத்தின் வழக்கறிஞர் நிற்கமாட்டார். 'ஆஃப் த ரெக்கார்டு' (வெளியிடுவதற்கல்ல என்று சொல்லிப் பேசுவது) என்றால் என்ன, பெயர் போடலாமா கூடாதா என்பதைப் பேட்டிக்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேசி முடித்தபிறகு அவர் "இதெல்லாம் போடாதீங்க" என்று சொன்னால் சங்கடம் இருவருக்கும். சிறுவர்களையோ நோயாளிகளையோ பேட்டி எடுத்து ஆய்வேடு எழுதுவதாக இருந்தால், பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். கடைசி நேரத்தில் இதைக் கண்டுபிடித்துத் தலைப்பையே மாற்றுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

இவ்வளவும் செய்து, நல்ல இறுதித் திட்டத்தை எழுதிவிட்டு, மதிப்பெண் வந்ததும் மடிக்கணினியில் பூட்டி வைப்பதை என்னவென்று சொல்வது? ஐந்தாயிரம் சொல் ஆய்வேட்டை அப்படியே இதழுக்கு அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள். அதிலிருந்து ஒரு செய்தியை மட்டும் உருவி எடுங்கள். என்ன கண்டுபிடித்தீர்கள், அது ஏன் இப்போது முக்கியம், யாரிடம் பேசினீர்கள், என்ன ஆவணம் கையில் இருக்கிறது என்பதை நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதி, அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஆசிரியரின் பெயருக்கே அனுப்புங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அப்போதும் இல்லையென்றால் அடுத்த இதழ். எல்லாம் படிப்பு முடிவதற்குள் நடக்கட்டும். திருப்பி அனுப்பிய கட்டுரையில் என்ன குறை என்று கேட்க, பேராசிரியர் அப்போதுதான் பக்கத்து அறையில் இருப்பார்.