விபத்துக்குப் பிறகு வண்டி ஏற பயமா? ஏணி போட்டு ஏறுங்கள்

கட்டுப் பிரித்தாச்சு, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது, இரவில் அதே கனவு, விபத்து நடந்த, வேலூரை அடுத்த பள்ளிகொண்டா பக்கமே போக மனசில்லை. முதல் சில வாரங்களில் இது எல்லாருக்கும் வரக்கூடியது, பலருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் பிடிஎஸ்டி-யா (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய்) என்று பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால் மறதியும் எரிச்சலும் அந்த அடியாலும் வரலாம். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் சிஎம்சி-யின் மனநல மையத்திலும் காட்டலாம். வெளியே போக முடியாதவர்கள் 14416-க்கு (டெலி மனஸ்) போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கவுன்சலரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: 'விபத்து அதிர்ச்சிக்கென்றே உள்ள சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) அல்லது இஎம்டிஆர் (கண்ணை இடவலமாக அசைக்க வைத்தபடி அந்த நினைவைத் தணிக்கும் சிகிச்சை) செய்வீர்களா?' பொதுவாக வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள். வெறும் ஆறுதல் பேச்சு இதற்குப் போதாது.

சிபிடி சிகிச்சையின் முதுகெலும்பு பயத்தின் ஏணிதான். கவுன்சலரோடு உட்கார்ந்து, பயப்படும் காரியங்களை எழுதி 0 முதல் 100 வரை மார்க் போடுங்கள். உதாரணத்துக்கு: நின்ற பைக்கில் உட்காருவது 20, இன்ஜினை ஓடவிட்டு உட்காருவது 30, சத்துவாச்சாரி தெருக்களில் பின்னால் உட்கார்ந்து போவது 45, சர்வீஸ் ரோடு 60, பைபாஸ் 80, விபத்து நடந்த இடம் 95. நடுவில் இருக்கும் படியில் தொடங்குங்கள். பயம் பாதியாகும்வரை இறங்கக் கூடாது. 30, 45 நிமிடம்கூட ஆகும். அதே படியைத் தினமும் செய்து, சலிப்பு தட்டிய பிறகே அடுத்தது. வேலூர் வெயிலில் சும்மாவே நெஞ்சு படபடக்கும், அதைப் பயம் என்று மனசு எண்ணிக்கொள்ளும். அதனால் காலை 6 மணிக்குப் பழகுங்கள். ஓட்டுவது, கைகால் தேறி டாக்டர் சரி சொன்ன பிறகுதான்.

கெடுவது இங்கேதான்: பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கி வீட்டுக்கு ஓடினால், 'தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை பயம் கூடும். கண்ணை மூடிக்கொள்வதும், காரில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவதும் அதே கதை. குவார்ட்டர் அடித்துவிட்டுத் தூங்குவதும் கடையில் தூக்க மாத்திரை வாங்குவதும் வேண்டவே வேண்டாம். மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விபத்தை அமர்வில் இப்போது நடப்பதுபோல் முழுதாகச் சொல்லச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் கனவு கூடினாலும் கூடும். பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். நிறுத்தாமல் கவுன்சலரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அமர்வு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வீட்டார் 'அதையே நினைக்காதே' என்று அடக்க வேண்டாம், துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். மந்திரித்துத் தாயத்து கட்டினால் கட்டட்டும், அதற்காக அமர்வைத் தவறவிடாதீர்கள்.

இழப்பீட்டு வழக்கில் சாட்சி சொல்லும் நாள் எல்லாவற்றையும் திரும்பக் கிளறும். வாய்தா தேதி தெரிந்ததும் அதே வாரத்தில் ஒரு அமர்வு கேட்டு வாங்கி வையுங்கள்.