வடசென்னையில் பைக் எடுக்கும் முன்: டூல்ஸும் பிரேக்டவுன் கவரும்

லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்கள் பலருக்கு, வந்த இரண்டாம் நாளே சித்தப்பா வீட்டு பைக்கை எடுத்துக்கொண்டு பழவேற்காடு வரை போய்வர ஆசை வந்துவிடுகிறது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வீடு என்றால் நல்ல வழிதான். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, அப்புறம் ஏரி. ஆனால் நடுவழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். டூல்ஸை இங்கே வந்து ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். இன்சூரன்ஸ் விஷயத்தை அப்படி முடிக்க முடியாது.

நீங்கள் இருக்கும் நாட்டில் பிரேக்டவுன் கவரை உங்கள் பெயரில் எடுத்திருக்கலாம், எந்த வண்டியை ஓட்டினாலும் ஆள் வருவார்கள். இங்கே அது பெரும்பாலும் வண்டியோடு ஒட்டியது. பாலிசியோடு சேர்த்து வாங்கும் 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' என்ற ஆட்-ஆன்தான் வழக்கம். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் அது பொதுவாக இருக்காது. நடுவில் சேர்ப்பதும் கஷ்டம், புதுப்பிக்கும்போதுதான் சேர்ப்பார்கள். ஆகவே சித்தப்பாவுக்கு போன் போட்டு, "பாலிசி எந்த மாசம் முடியுது சித்தப்பா?" என்று இப்போதே கேளுங்கள். தேதி தள்ளி இருந்தால், வண்டி நிறுவனங்களே தனியாக விற்கும் வருடத் திட்டங்கள் உண்டு. வாங்கிய அன்றே தொடங்காமல் சில நாள் கழித்து அமலுக்கு வருபவையும் அதில் இருப்பதால், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துப் போவார்கள், வருடத்துக்கு எத்தனை முறை, ஆந்திர எல்லை தாண்டினாலும் வருவார்களா, இந்த மூன்றையும் படித்துப் பார்த்தால் போதும். மீதி விளம்பரம்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. பாலிசியில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளருக்குத்தான். வண்டியை இரவல் வாங்கி ஓட்டும் உங்களுக்கு அது கிடையாது. உங்களுக்கு உங்கள் பயண இன்சூரன்ஸ்தான் துணை. அதிலும் மோட்டார்சைக்கிளுக்கு 125 சிசி என்று வரம்பு வைத்திருப்பவர்கள் நிறைய. சித்தப்பா வைத்திருப்பதோ 350 புல்லட். லைசென்ஸும் சரியாக இருக்க வேண்டும். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி தரும் ஐடிபி (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) இந்தியாவில் செல்லும், ஆனால் அதில் மோட்டார்சைக்கிள் வகுப்புக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் வகுப்பு மட்டும் இருந்தால், விபத்து என்று வரும்போது கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சித்தப்பாவின் டிஜிலாக்கரில் (அரசின் ஆவணச் செயலி) இருந்தால் பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பைக் என்றால் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் காசுக்குக் கொடுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

டூல்ஸைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வருவது வீண் சுமை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், செயின் ஸ்ப்ரே இரண்டும் தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் கைப்பையில்தான் வர வேண்டும்; 100 வாட்-ஹவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அங்குல அளவு ஸ்பானர் செட்டைத் தூக்கி வராதீர்கள். இங்கே ஓடும் இப்போதைய பைக்குகள் அநேகமாக எல்லாம் மில்லிமீட்டர்தான்.

ஊருக்குள் ஓட்டுவதற்கு டூல்ஸே தேவையில்லை என்பேன். இந்தியாவில் புல்லட் தயாராகத் தொடங்கியதே 1950களில் திருவொற்றியூரில்தான். இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருப்பார். மீஞ்சூர், பொன்னேரி தாண்டிய பிறகுதான் கடைகள் குறையும். அந்தத் தூரத்துக்கு ஒரு சின்னப் பை போதும்: 8 முதல் 19 வரை ஸ்பானர்கள், அலன் கீ, பிளக் ஸ்பானர், கட்டிங் பிளேயர், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி. ஸ்போக்ஸ் வீல் என்றால் மாற்று ட்யூப் ஒன்று கண்டிப்பாக வேண்டும். அதை நீங்கள் மாட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடைக்காரரிடம் உங்கள் அளவு ட்யூப் இருக்காது, அதுதான் பிரச்சினை. அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் என்றால் ஓட்டையில் திணித்து அடைக்கும் ஸ்ட்ரிப் செட்டும் கைப்பம்பும் போதும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகும் எண்ணூர், மணலி சாலைகளில் ஆணிக்கும் இரும்புத் துண்டுக்கும் பஞ்சமில்லை. கிளட்ச் கேபிள் ஒன்று புதிதாக வாங்கி, பழையதன் ஓரமாகவே ஓட்டி ஜிப் டை போட்டு வைத்துவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் முடிந்தது. பழைய டூரிங் ஆட்கள் எல்லாம் செய்வதுதான்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை நேராக எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. கடற்காற்றில் ஸ்போக்ஸும் செயினும் துருப்பிடித்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும். 2020க்குப் பிறகு வந்த ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். வெடிப்பு விட்ட பழைய டயரை மாற்றச் சொல்லுங்கள், சித்தப்பா "இன்னும் ஓடும்டா" என்பார், கேட்காதீர்கள்.

டிசம்பரில் வருகிறவர்களுக்கு மழை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இறங்க வேண்டாம். தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசி அதற்குப் பணம் தராது. தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் விடுங்கள். பொங்கல் நாட்களில் மெக்கானிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் சர்வீஸை அதற்கு முன்பே முடிப்பது நல்லது.

வண்டி நின்றே விட்டால் முதலில் அதைச் சாலையோரம் ஒதுக்குங்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். உதவிக்கான 1800 எண்கள் வெளிநாட்டு சிம்மில் பல நேரம் போகாது, உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். பாலிசியில் பதிவானது சித்தப்பாவின் எண் என்பதால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும், அவரிடமும் சொல்லி வையுங்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033, அடிபட்டால் 108. கம்பெனி வண்டி வர நேரமாகும் என்றால் காத்திருக்காமல் குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) ஒன்றைப் பிடித்து ஏற்றிவிடலாம். பைக்கை நிற்க வைத்து இரண்டு பக்கமும் கயிறு கட்டச் சொல்லுங்கள், வாடகையை ஏற்றும் முன்பே பேசுங்கள், கையில் ரொக்கம் வையுங்கள். பின்னால் இன்னொரு பைக்கில் வந்து காலால் தள்ளித் தருகிறேன் என்று யாராவது நல்ல மனதோடு முன்வருவார்கள். உள்தெருவில் சரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் வேண்டாம்.